எச்.ஐ.வி. தொற்றும் தன்பாலின ஈர்ப்பும் ஒருவருக்கே இருந்தால், ஊரின் இழிபார்வை அவர் உடலையும் மனதையும் எப்படிப் பாதிக்கிறது?

எனக்கு இரண்டும் உண்டு. அதனால் படித்ததைவிடப் பட்டதையே அதிகம் சொல்கிறேன். ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பது பதினைந்து வயதிலேயே தெரியும். எச்.ஐ.வி. இருப்பது 2014இல், இருபத்தெட்டு வயதில் தெரிந்தது. என் ஈர்ப்பு பற்றி அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, அதனால்தான் பெயர் போடவில்லை.

சொந்த ஊர் திருச்சிப் பக்கம். நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், ரிசல்ட்டைச் சொல்லிவிட்டு ஆலோசகர், "எப்படி வந்திருக்கும்னு நினைக்கிறீங்க தம்பி?" என்று கேட்டார். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நான், "ஒரு பொண்ணுகிட்ட போனேன் மேடம்" என்றேன். நோயை மட்டும் சொன்னால் பாவம் என்பார்கள், மற்றதையும் சொன்னால் செய்த வினை என்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் மனதுக்குள் ஓடிய கணக்கு இதுதான். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தப் பொய்யைச் சுமந்தது என் உடம்பு. சில மாதம் கழித்து ஆசனவாயில் புண் வந்தது. டாக்டரிடம் காட்டினால் கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து மருந்துக் கடையில் மூலம் என்று சொல்லிக் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையெல்லாம் சிவப்புத் தடிப்பு வந்த பிறகுதான் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனேன். சிபிலிஸ். பென்சிலின் ஊசியில் சரியாகிவிட்டது. முதல் வாரமே போயிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

எச்.ஐ.வி.க்கு அப்போது உடனே மாத்திரை தரமாட்டார்கள். சி.டி.4 என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 350க்குக் கீழே இறங்க வேண்டும் என்பது விதி, எனக்கு 600 சொச்சம். 2017இல்தான் தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து என்று மாற்றினார்கள். திருச்சியிலேயே எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையம் இருந்தும், தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்று மதுரையில் பதிவு செய்துகொண்டேன். மாதம் ஒருநாள் லீவு போட்டு, விடியற்காலைப் பேருந்தில் மாட்டுத்தாவணி போய் இறங்குவேன். லீவு கிடைக்காத மாதம் நாலைந்து நாள் மாத்திரை இருக்காது. புட்டியின் லேபிளை நீரில் ஊறவைத்து உரித்துவிடுவேன், குலுங்கினால் சத்தம் கேட்கும் என்று உள்ளே பஞ்சு வைப்பேன். வீட்டில் விருந்தாளிகள் தங்கினால் அன்று மாத்திரையே கிடையாது.

நிஜமாகவே ஒருவர் என்னை ஒதுக்கியது ஒரே ஒரு முறைதான். 2016இல் குடலிறக்கத்துக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்கள். வார்டில் எல்லோர் காதிலும் விழும்படி ஒரு நர்ஸ், "அந்த பாசிட்டிவ் கேஸை கடைசியா வச்சுக்கலாம்" என்றார். எனக்காக டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு உடை, கையுறைக்கு 'கிட்' என்று தனிக் கட்டணமும் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் தன் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், அடியோ திட்டோ இல்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருடம் கடவாய்ப் பல்லில் வலியோடு இருந்தேன், பல் டாக்டரிடம் போகவில்லை. ஒருமுறை நடந்ததைவிட, மறுபடி நடக்குமோ என்று காத்திருந்ததுதான் என்னை அதிகம் தேய்த்தது.

இதை நான் எப்படிக் கண்டுகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2017இல் தந்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தது. கெட்ட கனவு, தலைசுற்றல், மனச்சோர்வு எல்லாம் அதன் பக்கவிளைவாக வரக்கூடும். எனக்கும் வந்தது. எதிலும் பிடிப்பில்லாமல், விடியும் முன்பே நெஞ்சு படபடக்க எழுந்தால், எல்லாம் மாத்திரையால்தான் என்று நம்பினேன். 2021இல் அதற்குப் பதில் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள். பத்தே நாளில் கனவுகள் நின்றன. படபடப்பு நிற்கவில்லை. மருந்தின் மேல் போட்டு வைத்திருந்த பழியை எடுத்துவிட்டுப் பார்த்தபோதுதான், மீதி இருப்பது என்னவென்று தெரிந்தது.

அப்புறம்தான் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். இலான் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் இதைச் 'சிறுபான்மை அழுத்தம்' என்று விளக்கினார். நேரடியாக அனுபவிக்கும் ஒதுக்கல் ஒரு பங்கு. அதை எதிர்பார்த்து எப்போதும் விழிப்பாக இருப்பது, மறைப்பது, ஊர் சொல்வதை நாமே நம்பிவிடுவது ஆகியவை மற்ற பங்குகள். ஸ்டீவ் கோல் குழுவினரின் 1996 ஆய்வு என்னை உலுக்கியது. எச்.ஐ.வி. உள்ள 80 தன்பாலின ஈர்ப்பு ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஈர்ப்பை மறைத்து வாழ்ந்தவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது. சிறிய ஆய்வு, இன்றைய கூட்டு மருந்துகள் வருவதற்கு முந்தைய காலம். ஆனாலும் என் பஞ்சு வைத்த புட்டிதான் ஞாபகம் வந்தது.

சட்டம் மாறியதே என்று கேட்பீர்கள். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு வந்தது, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலின உறவு இனிக் குற்றமில்லை என்று. நான்கே நாள் கழித்து, 10ஆம் தேதி, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதமில்லாமல் வெளியில் சொல்லக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. எனக்குச் சம்பந்தப்பட்ட இரண்டும் ஒரே வாரத்தில்! தீர்ப்பு நாளில் எங்கள் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சேனலை மாற்றினார், நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தட்டுகூடத் தனித் தட்டு. யாரும் சொல்லாமல் நானே பிரித்து வைத்துக்கொண்டது. அக்காவின் குழந்தையையும் தூக்கமாட்டேன். மருத்துவமனையில் என்ன ஆயிற்று என்று அக்காவுக்குத் தெரியும், மற்றது தெரியாது. ஒருநாள், "எதுக்குடா தட்டை ஒளிச்சு ஒளிச்சு வைக்கிற?" என்று பிடித்துக்கொண்டாள். அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். இப்போது மதுரைக்குப் போவதில்லை, திருச்சியிலேயே மாத்திரை வாங்குகிறேன். ஒரு வேளையும் தவறுவதில்லை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. அப்படி இறங்கியவரிடமிருந்து உடலுறவில் தொற்று பரவாது. 782 ஆண் இணையரைப் பின்தொடர்ந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று, ஒருவருக்குக்கூடத் துணையிடமிருந்து பரவவில்லை என்று 2019இல் சொன்னது. 2014இல் யாராவது இதை எனக்குச் சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இந்தக் கேள்வியை உங்களுக்காகவே கேட்டிருந்தால், 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. நம்பிக்கை மையத்தில் எப்படி வந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் அவர்கள் அதை வெளியே சொல்லக் கூடாது. எந்தெந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும்.