இஸ்ரேலின் நெவாத்திம் கிராமத்துக்கும் கொச்சிக்கும் என்ன சம்பந்தம்?

நெகேவ் பாலைவனத்தில், பேர்ஷேபா நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது நெவாத்திம். 1946 அக்டோபரில் ஒரே இரவில் நிறுவப்பட்ட 11 குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. இதன் இன்றைய முகம், கேரளத்தில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த கொச்சி யூதர்களால் வந்தது. அவர்கள் 1954-இல் இங்கே குடியேறினார்கள்.

அவர்கள் வரவே தாமதமானது. யானைக்கால் நோய் பரவிவிடும் என்று இஸ்ரேலிய சுகாதார அதிகாரிகள் அஞ்சியதால், சொத்தை விற்றுவிட்டுக் கிளம்பக் காத்திருந்த குடும்பங்கள் கேரளத்திலேயே மாட்டிக்கொண்டன. எனக்கு இந்த வரலாற்றில் மனதை உறுத்தும் பகுதி இதுதான்.

நெவாத்திம் ஒரு கூட்டுறவு விவசாயக் கிராமம். சரி, அந்தக் கூட்டுறவு எப்படி நடந்தது? இது மோஷாவ் முறை. கிபுட்ஸ் என்ற இன்னொரு வகை இஸ்ரேலியக் கூட்டுக் குடியிருப்பில் எல்லாம் பொது. மோஷாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, குத்தகை நிலம். விதை, உரம் வாங்குவதும் விளைச்சலை விற்பதும் மட்டும் சங்கத்தின் வழியாக. முதல் மோஷாவான நஹலால் 1921-இல் தொடங்கியது.

வந்தவர்களில் பலர் வியாபாரிகள். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரிலிருந்து, 200 மில்லிமீட்டரே கிடைக்கும் இடத்துக்கு வந்திருந்தார்கள். ஆனாலும் கோழிப்பண்ணை, பசுமைக்குடிலில் மலர் சாகுபடி என்று காலூன்றினார்கள். கேரளத்தின் சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாகு பெசலேல், வேறொரு மோஷாவில் மலர் வளர்த்துப் பேரெடுத்து, 2006-இல் வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் பிரவாசி பாரதிய சம்மான் விருது பெற்றார்.

நெவாத்திமில் கொச்சி பாணியில் ஒரு ஜெப ஆலயமும், பக்கத்திலேயே கொச்சி யூதர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அவர்களின் பெண்கள் திருமணங்களில் பாடிவந்த மலையாளப் பாடல்களையும் ஆய்வாளர்கள் சேகரித்திருக்கிறார்கள்.