மகளின் அறையிலிருந்து ஒலிக்கும் மரணப் பாடல்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகளுக்கு 15 வயது. ஆறு மாதங்களாகப் பள்ளியிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடல்களையே கேட்கிறாள். கறுப்பு உடை, கண்ணைச் சுற்றி அப்பிய மை, பாதி அலறலும் பாதி அழுகையுமான குரல். வரிகளிலோ எங்கும் சாவு. சென்ற வாரம் பயந்துபோய் ஹெட்போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. படிப்பிலும் தோழிகளோடு பழகுவதிலும் மாற்றமில்லை. ஆனாலும் இந்த இசை அவள் மனத்தைக் கெடுத்துவிடுமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஹெட்போனை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அக்குழு 2006-இல் வெளியிட்ட ‘தி பிளாக் பரேட்’ என்ற இசைத்தொகுப்பு, புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் ஒருவனின் கதை. சிறுவயதில் தந்தை அழைத்துச் சென்று காட்டிய ஊர்வலத்தின் உருவிலேயே மரணம் அவனிடம் வருகிறது. அணிவகுப்புச் சீருடையும் முகப்பூச்சுமாக அதை அவர்கள் நடித்தே பாடினார்கள். அது ஒரு பாத்திரத்தின் சாவு என்பதை உங்கள் மகள் அநேகமாக அறிந்திருப்பாள். முடியும் தறுவாயில் அத்தொகுப்பு, வாழத் துணிவதைப் பாடுகிறது என்பதையும் அவளே உங்களுக்குச் சொல்லக்கூடும்.

இந்த வயதில் உணர்ச்சியைக் கிளர்த்தும் மூளைப் பகுதிகள் முழு வேகத்தில் இயங்க, அவற்றை நிதானப்படுத்தும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருப்பதால், தோழி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாலே உலகம் இடிந்ததுபோல் வலிக்கும். ‘இதற்கா அழுகிறாய்?’ என்று வீட்டில் கேட்டுவிடுகிறோம். அந்த இசை அப்படிக் கேட்பதில்லை; வலி எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறதோ அவ்வளவு பெரிய மேடையை அதற்குப் போட்டுக் கொடுக்கிறது. வேடத்தின் மறைவில் நின்று அழுவது, சொந்தப் பெயரில் அழுவதைவிடக் கூச்சமற்றது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வொன்று 2015-இல் வெளியானது. 18 முதல் 34 வயதுக்குட்பட்ட, இவ்வகை ஆவேச இசையின் ரசிகர்கள் 39 பேருக்குக் கோபமூட்டிவிட்டு, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை அந்த இசையைக் கேட்கச் செய்தபோது, கோபம் ஏறவில்லை, ஊக்கமே கூடியது. பங்கேற்றோர் வயதில் மூத்தவர்கள், எண்ணிக்கையும் சிறிது. ஆயினும் பதின்வயதினரிடம் நான் காண்பதும் இதுவே.

அவளுக்கு மிகவும் பிடித்த ஒரு பாடலைப் போடச் சொல்லி, முழுவதும் உடனிருந்து கேளுங்கள். கேட்டு முடித்ததும் கருத்துச் சொல்லாமல், ‘இதில் உனக்குப் பிடித்த இடம் எது?’ என்று மட்டும் கேளுங்கள்.

தூக்கமும் உணவும் குலைவது, தோழிகளை அறவே ஒதுக்குவது, ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்ற பேச்சு, உடலில் மறைக்கும் காயங்கள் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், எந்தப் பாட்டைக் கேட்கிறாள் என்று ஆராயாமல், ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என அவளிடமே அமைதியாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.