கேள்வி–பதில்: அமெரிக்காவின் தேர்தல் கோடை, 2024

கேள்வி: அதிபர் போட்டியிலிருந்து பைடன் விலகியதும், எந்த மாநிலத்திலும் மக்களின் வாக்கைக் கேட்காமல் கமலா ஹாரிஸை வேட்பாளராக்கிவிட்டார்களே, இது ஜனநாயகமா? (திருச்சி வாசகர்)

பதில்: விதிப்படி குற்றம் காண இடமில்லை. கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தல்கள், வேட்பாளருக்கு மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகளைத் திரட்டித் தருபவை. ஜூலை 21 அன்று பைடன் விலகல் கடிதத்தை வெளியிட்டதும், அவருக்காகத் தேர்வாகியிருந்த ஏறக்குறைய 3,900 பிரதிநிதிகள் யாருக்கும் கட்டுப்படாதவர்கள் ஆனார்கள். மறுநாள் இரவுக்குள் அவர்களில் போதிய எண்ணிக்கையினர் ஹாரிஸ் பக்கம் வந்தனர்; ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழி வாக்கெடுப்பு அதை உறுதிசெய்தது. 1968இல் லிண்டன் ஜான்சன் விலகியபோதும், முதல்கட்டத் தேர்தல் எதிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ப்ரியையே சிகாகோ மாநாடு தேர்ந்தெடுத்தது. வெளியே வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் காவல்துறையிடம் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அவப்பெயரின் விளைவாகத்தான் முதல்கட்டத் தேர்தல்களுக்கு இன்றைய முக்கியத்துவமே வந்தது. ஹாரிஸைவிட, ஜூன் 27 விவாதத்தில் பைடன் தடுமாறும்வரை அவருடைய வயதைப் பற்றி வாய் திறக்காமலிருந்த கட்சிப் பெரியவர்களையே நான் குறை சொல்வேன்.

கேள்வி: ஹாரிஸ் வென்றால் நம் பெண் வென்றதாகக் கொள்ளலாமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரம் அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊர் என்பதால் உங்கள் மகிழ்ச்சி நியாயமானதே, அவ்வூர்க் கோயிலின் நன்கொடையாளர் கல்வெட்டில் அவர் பெயரும் உண்டு. ஆனால் 1958இல் 19 வயதில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலனின் மகள், ஜமைக்காவிலிருந்து வந்த டொனால்ட் ஹாரிஸின் மகளும்கூட. பிறந்தது ஓக்லாந்தில், படித்தது கறுப்பின மாணவர்களுக்காக உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில். ஜூலை 31 அன்று கறுப்பினச் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே, அவர் திடீரெனக் கறுப்பராகிவிட்டார் என்று டிரம்ப் பேசியது அறியாமை என்று எனக்குத் தோன்றவில்லை, கணக்குப் போட்டுச் சொன்னதுதான். எதிரணித் துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸின் மனைவி உஷாவின் பெற்றோர் ஆந்திரத்திலிருந்து சென்றவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊர்ப்பாசத்தை அளவுகோலாக்கினால் இரு கட்சிகளுக்கும் நாம் உறவினராகிவிடுவோம்.

கேள்வி: பாகிஸ்தானைத் தோற்கடித்த அமெரிக்கக் கிரிக்கெட் அணியில் அமெரிக்கர் யார்? (மதுரை வாசகர்)

பதில்: ஏளனமாகக் கேட்கிறீர்கள், ஆனால் கேள்வி ஆழமானது. ஜூன் 6 அன்று டி20 உலகக் கோப்பையில், டல்லாஸ் அருகேயுள்ள கிராண்ட் பிரெய்ரியில், கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட்டபோது நிதிஷ் குமார் அடித்த பவுண்டரியால் ஆட்டம் 159இல் சமனானது. சூப்பர் ஓவரில் அமெரிக்கா 18 ரன் எடுக்க, பாகிஸ்தானை 13இல் நிறுத்தியவர் சௌரப் நேத்ராவல்கர். 2010இல் இந்தியாவின் 19 வயதுக்கு உட்பட்டோர் அணிக்காக உலகக் கோப்பையில் ஆடியவர், இப்போது ஆரக்கிள் நிறுவனத்தில் மென்பொறியாளர். ஆறு நாள் கழித்து நியூயார்க்கில் கோலியை முதல் பந்திலேயே வெளியேற்றியவரும் இவரே. ஐசிசி விதிப்படி ஒரு நாட்டில் மூன்றாண்டு வசித்தாலே அதற்காக ஆடலாம், கடவுச்சீட்டு தேவையில்லை. வாக்குரிமையோ குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும். வேலை விசாவில் உள்ள இந்தியர், எந்த ஒரு நாட்டாருக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கே ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார். அது கிடைத்த பிறகும் குடியுரிமைக்குப் பொதுவாக இன்னும் ஐந்தாண்டு. ஆகவே ஒருவர் நெஞ்சில் நாட்டின் பெயரைப் பொறித்துக்கொண்டு பந்து வீசலாம், அதன் அதிபரைத் தேர்ந்தெடுக்க முடியாமலும் இருக்கலாம். 2028இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இடம்பெறுகிறது. ஒலிம்பிக் விதி குடியுரிமையைக் கேட்பதால், அணித் தேர்வாளர்களுக்குத் தலைவலி காத்திருக்கிறது.

கேள்வி: அதிக வாக்கு பெற்றும் ஒருவர் தோற்க முடியுமா? (சேலம் வாசகர்)

பதில்: முடியும். 2016இல் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் ஹிலாரி கிளின்டன் தோற்றார். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலவாரியாக ஒதுக்கப்படும் தேர்வர்கள்; மொத்தம் 538 தேர்வர்களில் 270 பேரைப் பெற்றவரே அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலான மாநிலங்களில் முந்துபவருக்கே மாநிலத்தின் தேர்வர் அனைவரும் போய்ச் சேர்வார்கள். அதனால்தான் முடிவு முன்பே உறுதியான கலிஃபோர்னியாவில் வாழும் இந்திய வம்சாவளி வாக்காளரை யாரும் பெரிதாகத் தேடிப் போவதில்லை. போட்டி நெருக்கமான ஜார்ஜியாவில் வசிப்பவரின் கதவு தட்டப்படுகிறது. 2020இல் பைடன் அங்கே வென்றது 11,779 வாக்கு வித்தியாசத்தில்.