கர்ப்பப்பை இறக்கத்துக்கு வளையம்: கேள்வி-பதில்

இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்கப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் சிலிக்கோன் வளையத்தை நானே போட்டால் வழுக்கி வெளியே வந்துவிடுகிறது. – வாசகி, மன்னார்குடி

என்ன அளவு, எந்த வகை என்று எழுதவில்லையே அம்மா! உறையில் எண் இருக்கும், பாருங்கள். கையைச் சோப்பால் கழுவி, வளையத்தை இரண்டாக மடியுங்கள். உள்ளே போகும் முனையில் மட்டும் நீரில் கரையும் ஜெல். முழுக்கத் தடவினால் பிடி நிற்காது. ஒரு காலை முக்காலியில் வைத்து, மேலே அல்ல, வால் எலும்பை நோக்கித் தள்ளுங்கள். விரிந்ததும் முன்விளிம்பு, அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் முன் எலும்புக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். விளிம்புக்கும் பிறப்புறுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையட்டும். குந்தி உட்கார்ந்து இருமிப் பாருங்கள். அப்போதும் நழுவினால் அளவோ வகையோ பொருந்தவில்லை.

டெட்டால் விட்டுக் கழுவலாமா? – பாபநாசம்

கூடாது. சாதா சோப்பு, தண்ணீர் போதும்.

வளையம் போட்டபிறகு இருமினால் சிறுநீர் கசிகிறது. முன்பு இல்லை. – கும்பகோணம்

இறங்கிய பை சிறுநீர்க் குழாயை மடக்கி வைத்திருந்தது. இப்போது நேராகிவிட்டது, மறைந்திருந்த கசிவு தெரிகிறது. குமிழ் உள்ள வளையம் கேளுங்கள். குமிழ் முன்பக்கம், குழாய்க்கு அடியில் நிற்க வேண்டும். அடக்க முடியாமல் அவசரமாக வரும் கசிவுக்கு இது மருந்தல்ல.

மாமியாருக்கு 3 வருடம் முன் வைத்தது. தொந்தரவு இல்லை, லேசான நாற்றம் மட்டும். அப்படியே விடலாமா? – திருவாரூர்

நாற்றம் தொந்தரவில்லாமல் வேறென்ன? வைத்தவர் மறந்து, வீட்டாரும் மறந்து, வளையம் மட்டும் உள்ளே கிடக்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்குச் சுவர் மெலிந்திருக்கும். அழுத்திய இடம் புண்ணாகும், சதை வளையத்தின் மேல் வளர்ந்து மூடும், முற்றினால் சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை விழும். வீட்டில் இழுக்காதீர்கள். இன்றே தஞ்சை ராஜா மிராசுதார் போன்ற அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். புண் இருந்தால் ஆறும்வரை வளையம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் களிம்பு தருவார்கள். தானே கழற்றத் தெரிந்தவர் வாரம் ஓர் இரவு கழற்றி வைக்கட்டும், வருடம் ஒருமுறை காட்டட்டும். தெரியாதவர் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும். தேதியைக் கிழிக்கிற காலண்டரில் எழுதாதீர்கள், அதுவும் கிழிந்து போகும். மருத்துவச் சீட்டில் எழுதி, மகளிடமும் சொல்லுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: நாற்றம், இரத்தம், வலி, சிறுநீர் வராமல் அடைப்பது, எதுவானாலும் அன்றே காட்டுங்கள்.

மலம் கழிக்கும்போது விழுகிறது. – மயிலாடுதுறை

மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள். முக்காதீர்கள். அதுவரை விரலால் தாங்கிக்கொள்ளுங்கள்.

குறுவை நடவுக்குப் போகலாமா? – நீடாமங்கலம்

வளையத்தோடு தாராளமாகப் போகலாம். நாற்றுக்கட்டு தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். கழற்றுவதும் போடுவதும் வரப்பில் வேண்டாம், கை கழுவ வசதியுள்ள வீட்டில்.