ஹைட்ரேட் எப்போது உருவாகும்: கணக்கு சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: இயற்கை எரிவாயுக் குழாய்களில், நீரின் உறைநிலைக்கு மேலான வெப்பநிலையிலேயே பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் உருவாகி அடைத்துக்கொள்கிறது என்று படித்தேன். அது எந்த அழுத்தத்தில் உருவாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். குழாயை அடைப்பது ஹைட்ரேட்தான் என்று 1934இல் ஹேமர்ஷ்மிட் காட்டிய பிறகு, பல ஆண்டுகள் சோதனை அளவீடுகளையும் அனுபவச் சூத்திரங்களையுமே நம்பியிருந்தனர். 1959இல் வான் டெர் வால்ஸும் பிளாட்டீயூவும் தந்த புள்ளியியல் மாதிரிதான் இன்றைய கணக்கீடுகளுக்கு அடித்தளம். (இந்த வான் டெர் வால்ஸ், 1910இல் நோபல் பரிசு பெற்ற வான் டெர் வால்ஸ் அல்லர்.)

நீர் மூலக்கூறுகள் கூடுகளாகக் கட்டமைந்து, ஒவ்வொரு கூட்டிலும் அதிகபட்சம் ஒரு வாயு மூலக்கூறு அடைபடுவதுதான் ஹைட்ரேட். தூய மீத்தேன் உருவாக்கும் அமைப்பின் ஓர் அலகில் 46 நீர் மூலக்கூறுகளும், 2 சிறிய கூடுகளும், 6 பெரிய கூடுகளும் உள்ளன. வெற்றுக் கூடு தானாக நிலைக்காது. வாயு நுழைய நுழையத்தான் கட்டமைப்பில் உள்ள நீரின் வேதி நிலையாற்றல், அதாவது அந்நிலையை விட்டு வேறு நிலைக்கு மாற முனையும் போக்கின் அளவு, குறைகிறது. எத்தனை விழுக்காடு கூடுகள் நிரம்பும் என்பதை, திடப் பரப்பில் வாயு ஒட்டுவதற்கான லாங்மியூர் சமன்பாட்டின் வடிவிலேயே மாதிரி கணிக்கிறது. வாயுவின் ஃபுகாசிட்டியை, அதாவது அதன் செயல்படும் அழுத்தத்தை, வாயுவின் அழுத்தம், வெப்பநிலை, கன அளவு ஆகியவற்றை இணைக்கும் பெங்–ராபின்சன் போன்ற நிலைச் சமன்பாட்டிலிருந்து பெறுகிறோம். ஹைட்ரேட்டில் உள்ள நீரின் வேதி நிலையாற்றலும் திரவ நீரின் வேதி நிலையாற்றலும் சமமாகும் அழுத்தமே எல்லைக்கோடு; அதற்கு மேல் ஹைட்ரேட் உருவாகலாம். மீத்தேனுக்கு இது 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 26 வளிமண்டல அழுத்தம். 10 டிகிரியில் 70ஐ நெருங்குகிறது.

வாயுக் கலவையில்தான் மாதிரியின் வலிமை தெரிகிறது. புரொப்பேன் மூலக்கூறு சிறிய கூட்டுக்குள் அடங்காது. பெரிய கூடுகள் இன்னும் விரிந்திருக்கும் வேறோர் அமைப்பை அது நிலைப்படுத்துகிறது. அந்த அமைப்பின் சிறிய கூடுகளில் மீத்தேன் புகுந்துகொள்ள, எல்லை அழுத்தம் கணிசமாகச் சரிகிறது. ஆகவே சிறிதளவு புரொப்பேனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது, பாதுகாப்பானது என்று தவறாக நம்பவைக்கும்.

குறைகளும் உண்டு. கூடு விரிவதில்லை, உள்ளிருக்கும் வாயு மூலக்கூறுகள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்னும் எடுகோள்கள் பெரிய மூலக்கூறுகளுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. கூட்டுக்கும் வாயுவுக்கும் இடையிலான ஈர்ப்பு–விலக்கு அளவுருக்களோ சோதனைத் தரவுகளுக்கு ஏற்பப் பொருத்தப்பட்டவை. தரவு இல்லாத அழுத்தங்களுக்கு முடிவை நீட்டும்போது எச்சரிக்கை தேவை.

கேள்வி: ஹைட்ரேட் உருவாகும் என்று கணக்கு சொல்லும் நிலையிலும் சில நேரங்களில் குழாய் அடைபடுவதில்லையே, மாதிரி தவறா?

பதில்: தவறன்று. மாதிரி சொல்வது சமநிலையை மட்டுமே; முதல் படிகக் கரு தோன்ற மணிக்கணக்கில் ஆகலாம். மெத்தனாலோ கிளைக்காலோ சேர்த்தால் நீரின் செயல்திறன் (கரைசலில் நீர் செயல்படும் செறிவு) குறைந்து எல்லைக்கோடே நகர்கிறது, அதை மாதிரி கணிக்கும். ஆனால் மிகக் குறைந்த அளவில் சேர்க்கப்படும் வேகத்தடுப்பிகள் படிகம் தோன்றுவதைத் தாமதப்படுத்துமேயன்றிக் கோட்டை நகர்த்தாதவை. அவற்றின் பயனை இக்கணக்கில் தேடக் கூடாது.