மணிச்சத்து 'அதிகம்' என்ற வயலுக்கு முழு மூட்டை டிஏபி எதற்கு?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம், சம்பா நெல். நட்டு மூன்று வாரத்தில் பயிர் திட்டுத்திட்டாக வெளுத்து, அடி இலைகளில் துரு நிறப் புள்ளி விழுகிறது. மண்வள அட்டையில் (மண் பரிசோதனை முடிவு) தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) நடுத்தரம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், துத்தநாகம் குறைவு. அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி (தழையும் மணியும் சேர்ந்த உரம்) போட்டேன். மேலுரமாக யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. இன்னும் போடலாமா?

பதில்: வேண்டாம். தழைச்சத்துக் குறை என்றால் வயல் முழுக்க ஒரே சீராக வெளுக்கும். திட்டும் துருப்புள்ளியும் சேர்ந்து வந்தால் அது துத்தநாகக் குறை. தண்ணீர் கட்டிய வயலில் மணிச்சத்து எளிதாகக் கிடைக்கும், துத்தநாகமோ கிடைப்பது குறையும். அதன்மேல் நீங்கள் டிஏபியையும் ஏற்றியிருக்கிறீர்கள்; மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் இன்னும் கிட்டாது.

இப்போதைக்கு 200 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ ஜிங்க் சல்பேட், 2 கிலோ யூரியா கரைத்து, ஏக்கருக்கு இலைவழியாகத் தெளியுங்கள். குறி மறையும்வரை 15 நாளுக்கொரு முறை தெளிக்கலாம். முடிந்தால் தண்ணீரை வடித்து, வயலை இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள்.

அடுத்த சம்பாவுக்குக் கணக்கை மாற்ற வேண்டும். டெல்டாவுக்கான பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் கிலோவில் 150:50:50, அதாவது ஏக்கருக்கு 60:20:20. மணிச்சத்து அதிகம் என்றால் அதில் கால் பங்கைக் குறைக்கலாம், 15 கிலோ போதும். ஒரு மூட்டை டிஏபியில் இருப்பதோ 23 கிலோ! 33 கிலோ டிஏபி போட்டாலே கணக்கு சரியாகிவிடும். அதிலேயே 6 கிலோ தழைச்சத்தும் வருவதால் யூரியா அடியுரத்தில் 20 கிலோ, பிறகு தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது தலா 33 கிலோ. பொட்டாஷ் உரம் இந்த நான்கு முறையும் தலா 8 கிலோ.

ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன் தூவுங்கள். டிஏபியோடு கலந்தால் துத்தநாகம் கரையாத உப்பாக மாறிப் பயிருக்குக் கிட்டாது.

இந்தக் கணக்கெல்லாம் அட்டை சரியாக இருந்தால்தான். பாசன நிலத்தில் 2.5 எக்டருக்கு ஒரு மாதிரி என்றுதான் அட்டைத் திட்டத்தில் எடுத்தார்கள். அந்த மண் பக்கத்து வயலுடையதாகவும் இருக்கலாம். அறுவடை முடிந்ததும், அடுத்த உரம் போடுமுன் நீங்களே எடுத்துக் கொடுங்கள். வரப்பு, வாய்க்கால், எருக்குவியல், மரநிழல் தவிர்த்து 10-15 இடத்தில் 'வி' வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவிச் சேர்க்க வேண்டும். கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கிக்கொண்டே வந்து, அரை கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். பழைய உரச் சாக்கில் போட்டால் சாக்கில் ஒட்டிய உரமும் சேர்ந்து முடிவில் வரும்.