நியூட்ரல் அறுந்தது மண்டபத்தில், எரிந்தது என் டிம்மர்: யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

கேள்வி: மதுரைப் பக்கம் நாடகங்களுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் மேடை விளக்கு போடுகிறேன். துணைக்கு அக்கா மகன் மட்டும்தான். எட்டு மாதம் முன்பு சென்னைக் கடை ஒன்றில் 1,85,000 ரூபாய்க்கு, விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பேக் இரண்டு வாங்கினேன். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகம் பாதியில் இருந்தபோது சில விளக்குகள் கண் கூசும்படி எரிந்து ஃபியூஸ் போயின, சில மங்கின. இரண்டு டிம்மரிலும் புகை. மண்டபத்து மெயின் பேனலில், கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயரின் முனையில் மாட்டும் லக் கருகிக் கிடந்தது, அதை மறுநாள் மாற்றினார்கள். வோல்டேஜ் ஏறினால் வாரண்டி இல்லை என்கிறது கடை. உங்கள் டிம்மரால்தான் நியூட்ரல் கருகியது என்கிறார் மண்டபக்காரர். நாடகக் குழு பாக்கிக் கூலி 18,000 ரூபாயையும் தரவில்லை. யார் மீது வழக்குப் போடுவது?

பதில்: முதலில், அந்த டிம்மர்களை யாரிடமும் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். மூடியைக்கூடத் திறக்க வேண்டாம். உங்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

மண்டபத்துக்கு வருவது த்ரீ ஃபேஸ். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு நடுவே சுமார் 400. நியூட்ரல் அறுந்தால் லோடு குறைவான ஃபேஸில் வோல்டேஜ் 400ஐ நோக்கி ஏறும், லோடு அதிகமான ஃபேஸில் இறங்கும். நீங்கள் கண்ட காட்சி அதேதான். பேனலில் தானே விழும் ஸ்விட்சான எம்சிபி இதற்கு உதவாது. அது கரண்ட் மிஞ்சினால் விழும், வோல்டேஜைப் பார்க்காது. டிம்மருக்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற பாதுகாப்பு உறுப்பு வோல்டேஜின் கண நேர எகிறலைத் தாங்கும். 400 வோல்ட் தொடர்ந்து நின்றால் அதுவே வெடித்துவிடும்.

அதனால் கடைக்காரர் மீதான வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: விற்கும்போது என்ன சொன்னார்? கையேட்டிலோ வாட்ஸ்அப்பிலோ ‘ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு உண்டு’ என்று இருந்து, உள்ளே அதற்கான சர்க்யூட் இல்லையென்றால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடுள்ள பொருள். மாற்றுப் பொருளோ பணமோ கேட்கலாம். அப்படி எந்த வாக்குறுதியும் இல்லையென்றால் கடை மீது வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். தோற்கும் வாய்ப்பே அதிகம்.

‘இவர் வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே அல்ல’ என்று கடைக்காரர் கட்டாயம் சொல்வார். சொந்த உழைப்பில் பிழைக்க மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு அந்தத் தடை இல்லை என்று அதே சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரை நுகர்வோர் என்றது. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நிலை மாறாது. உங்கள் மனுவில் இதைத் தெளிவாக எழுதியே ஆக வேண்டும். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை, கெடு இரண்டு ஆண்டு. டிம்மரை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்தால் முடியும்.

மண்டபக்காரர் விஷயம் வேறு. மண்டபத்தை எடுத்தது நாடகக் குழு, உங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமில்லை. ஆகவே கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு. கெடு மூன்று ஆண்டு. லூஸான லக்கைப் பராமரிக்க வேண்டியது அவர்தான். ஆனால் அவர் வாதத்தை அடியோடு தள்ளவும் முடியாது. டிம்மர் ஃபேஸை வெட்டி வெட்டி விடுவதால் எழும் மூன்றாம் ஹார்மோனிக் கரண்டுகள் (வழக்கத்தைவிட மூன்று மடங்கு வேகமாகத் துடிப்பவை) மூன்று ஃபேஸிலிருந்தும் நியூட்ரலில் ஒன்று சேரும்; சில சமயம் ஃபேஸைவிட நியூட்ரலில் அதிகம் ஓடும். எவ்வளவு லோடு என்று முன்கூட்டி எழுத்தில் சொன்னீர்களா? பேனலில் வயரை மாட்டியது லைசென்ஸ் உள்ள வயர்மேனா, உங்கள் அக்கா மகனா? அக்கா மகன் என்றால் நஷ்டஈட்டில் ஒரு பகுதி குறையலாம். என்னிடம் அதை மறைக்காதீர்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே கதையைச் சொல்லுங்கள்: நியூட்ரல் அறுந்தது, வோல்டேஜ் ஏறியது, வாக்களித்த பாதுகாப்பு வேலை செய்யவில்லை. ஓரிடத்தில் ‘டிம்மரே மோசம்’, இன்னோரிடத்தில் ‘டிம்மர் நன்றாக இருந்தது’ என்று சொன்னால் இரண்டும் போகும்.

அப்புறம், பார்வையாளர் யாராவது எடுத்த வீடியோ இருந்தால் அந்த ஃபோனோடு பத்திரப்படுத்துங்கள். விளக்கு பிரகாசமானதும் மங்கியதும் ஒரே காட்சியில் தெரிந்தால் பெரிய பலம். அதை ஆதாரமாகக் காட்ட, மின்னணுப் பதிவுகளுக்கான 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். கருகிய லக்கை மாற்றிய எலக்ட்ரீஷியனிடம் அதன் படம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள், அந்த லக் குப்பைக்குப் போயிருக்கலாம்.

நாடகக் குழுவிடம் சண்டை வேண்டாம். பாதி நாடகத்துக்கு நீங்கள் விளக்கு போட்டிருக்கிறீர்கள். அந்த அளவுக்காவது கூலி கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கடைக்கும் மண்டபத்துக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் நான் தயாரித்துத் தருகிறேன். பில், வாரண்டி அட்டை, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் கொண்டு வாருங்கள்.